புது பல் செட்: மேல் செட் நிற்கிறது, கீழ் செட் நிற்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

நங்கநல்லூர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 71. ஓய்வு பெற்ற தமிழாசிரியன். சர்க்கரை நோயில் ஈறு தளர்ந்து பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. கடைசியில் எஞ்சியிருந்தவற்றையும் எடுத்துவிட்டு, புண் ஆறும் வரை காத்திருந்து, இந்த மாதத் தொடக்கத்தில் மேலும் கீழும் முழு செட் மாட்டிக்கொண்டேன்.

மேல் செட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழ் செட்தான் படுத்துகிறது. வாயைத் திறந்தால் எழும்புகிறது. இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. இடப்பக்க ஈற்றில் ஓர் இடம் நெருப்பாக எரிகிறது. வாயெல்லாம் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது.

சாப்பாட்டைவிட என்னை வருத்துவது பேச்சு. மாலையில் தெருப் பிள்ளைகள் சிலர் பாடம் கேட்க வருகிறார்கள். "சிலப்பதிகாரம்" என்று சொல்லத் தொடங்கினால் முதல் எழுத்திலேயே காற்று சீறுகிறது. "வ" சரியாக விழவில்லை. பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், சிரிக்கவில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் உச்சரிப்புக்காகவே பிள்ளைகளைத் திருத்திய வாய் இது. மனம் ஆறவில்லை.

பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மனைவி. வேறு மருத்துவரிடம் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்கிறான் மகன். செட் சரியில்லையா, எனக்குத்தான் இன்னும் பழகவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஓய்வூதியர்

ஐயா, முதலில் ஒன்று. அந்தச் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு, அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எங்கள் ரயில்வே குடியிருப்பில் பல் செட் செய்துகொண்டவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்கும் புகைப்படத்துக்கும் மட்டுமே மாட்டுகிறார்கள். வீட்டில் பொக்கை வாயோடு குழைந்த சோறுதான். செட் மோசம் என்று எல்லோரும் சொல்வார்கள். எரிந்த இடத்தைக் காட்ட மறுபடி மருத்துவரிடம் போனீர்களா என்று கேட்டால், போனவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

எனக்கும் கீழ் செட் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. இப்போது மாட்டியிருக்கும் நினைவே இல்லாமல் நடமாடுகிறேன்.

பல் மருத்துவர் (ஓய்வு)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அரசுப் பணியிலும் பிறகு சொந்த மருத்துவமனையிலும் நான் அதிகம் செய்தது பல் செட் வேலைதான். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். செட் செய்து கொடுக்கும் பலர் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்வதில்லை, அதில் எனக்கு நெடுநாளாகவே மனக்குறை உண்டு.

கீழ் செட் ஆடுவது உங்கள் குறையல்ல. பெரும்பாலும் செய்தவரின் குறையும் அல்ல. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்தால் எளிதில் பிரிக்க முடியாதல்லவா? மேல் செட் அப்படித்தான் நிற்கிறது. அது அண்ணம் முழுவதையும் மூடுகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம். ஓரங்களில் காற்றுப் புகாத அடைப்பு. கீழே அண்ணம் இல்லை, நாக்கு இருக்கிறது. ஆகவே கீழ் செட்டைக் குதிரை லாட வடிவில்தான் செய்ய முடியும். அது உட்காரும் பரப்பு மேல் செட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதிதான். போதாததற்கு, பல் எடுத்த பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும், முதல் ஆண்டில் மிக வேகமாக. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், கீழ்த்தாடை மேட்டின் உயரம் மேலே குறைவதைப்போல் நான்கு மடங்கு குறைவதாகத் தெரிந்தது. ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்குப் பல் எடுக்கும்போதே அந்த மேடு தேய்ந்துதான் இருக்கும்.

எனவே கீழ் செட்டை இடத்தில் வைத்திருக்கும் வேலை நாக்குக்கும் கன்னத் தசைகளுக்கும் உரியது. அவை அந்த வேலையைக் கற்றுக்கொள்ள 6 முதல் 8 வாரங்கள் வரை ஆகும். கண்ணாடி முன் நின்று வாயைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது? பலருக்கும் அது பயந்து தொண்டைப் பக்கம் சுருண்டிருக்கும். நாக்கு பின்னே போனால் கீழ் செட்டின் உட்புற ஓரத்தில் காற்றுப் புகுந்து செட் எழும்பிவிடும். நாக்கின் நுனி கீழ் முன்பற்களின் உட்புறத்தை லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். பேசும்போதும் மெல்லும்போதும் அடிக்கடி அந்த இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள்.

எரியும் இடத்துக்கு வருகிறேன். அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே செட் அழுத்துகிறது. அந்த ஓரத்தில் ஓர் இழை அளவு ராவினால் போதும், வலி போய்விடும். வலிக்கிறதென்று பல நாள் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் போனால், சிவப்பு ஆறியிருக்கும், எங்கே ராவுவது என்று அவருக்குத் தெரியாது. தாங்க முடியாத வலியென்றால் கழற்றி வையுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் மட்டும் மறுபடி மாட்டிக்கொண்டு, அதிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் உப்புத்தாள், அரம், கத்தி எதையும் அதன்மேல் வைக்காதீர்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால் புண் ஆறத் தாமதமாகும். ஆகவே இந்த வாரமே போய்விடுங்கள்.

செட்டா, பழக்கமா என்று கேட்டீர்கள். எச்சில் ஊறுவது, வாய் நிறைந்த உணர்வு, பேச்சுக் குழறல், லேசான ஆட்டம் இவை பழக்கத்தில் தீரும். எச்சில் சில நாட்களிலேயே அடங்கும், துப்பாமல் விழுங்குங்கள். பேசும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் டக் டக்கென்று மோதினாலோ, மாலையானால் தாடை வலித்தாலோ, உதடுகளை மூடவே சிரமமாக இருந்தாலோ, செட்டின் உயரம் கூடுதலாக இருக்கலாம். சும்மா இருக்கும்போதே மேல் செட் கழன்று விழுந்தால் அளவில் கோளாறு. இவை பழக்கத்தில் தீராது, செய்தவர்தான் சரிசெய்ய வேண்டும். புது செட் என்ற பேச்சு அதற்கெல்லாம் பிறகு.

பேச்சுக்கு ஒரே மருந்து, தனியறையில் உரக்கப் படிப்பது. "ச" சொல்லும்போது நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே காற்று போக ஒரு குறுகிய வழி வேண்டும். அண்ணத்தில் இப்போது பிளாஸ்டிக் தகடு ஒன்று கூடியிருப்பதால் அந்த வழியின் அளவு மாறிவிட்டது. நாக்கு புது அளவைக் கண்டுபிடித்துவிடும். "வ" மட்டும் ஒரு மாதம் கழித்தும் விழவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேல் முன்பல்லின் நீளமோ நிற்கும் இடமோ காரணமாக இருக்கலாம்.

மயிலைப் பாட்டி

டாக்டர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் சமைப்பதும் நான், செட் போட்டிருப்பதும் நான்.

ஆசிரியருக்கு முதல் எதிரி முறுக்கு அல்ல, தாளித்த கடுகு. ஒரே ஒரு கடுகு கீழ் செட்டுக்கு அடியில் புகுந்து, அது தெரியாமல் கடித்தால், கண்ணில் நீர் வந்துவிடும். கத்தரிக்காய் விதை, தக்காளி விதை, கொய்யா விதை, பொரியலில் தூவிய தேங்காய்த் துருவல், உடைந்த அப்பளத்தின் கூரான சில்லு, எல்லாம் அப்படித்தான். சில வாரங்களுக்குக் கடுகு தாளிக்காமல் பெருங்காயமும் மிளகுப் பொடியும் போட்டு ரசம் வைக்கச் சொல்லுங்கள். இட்லி, இடியாப்பம், குழைய வேகவைத்த பருப்புச் சாதம், பூசணிக்காய்க் கூட்டு, அவித்த நேந்திரம்பழம், மசித்த கீரை இவற்றில் தொடங்கலாம். பசையாக ஒட்டும் எதுவும் இப்போது வேண்டாம். அல்வாவும் அதிரசமும் செட்டையே பிடுங்கிக்கொண்டு வரும்.

முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள். முருங்கைக்காயைப் பல்லிடுக்கில் வைத்து உருவினால், முன்னே இழுக்கும் வேகத்தில் மேல் செட் பின்பக்கம் கழன்றுவிடும். காயைக் கிண்ணத்தில் பிளந்து, கரண்டியால் சதையை வழித்துச் சாப்பிடுங்கள், ருசி எங்கும் போகாது. மாங்கொட்டைக்கும் அதே கதிதான். தோசையை விரலால் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, ஒரு துண்டை இரண்டாக்கி, வலப்பக்கக் கடைவாயில் பாதி, இடப்பக்கக் கடைவாயில் பாதி என்று வைத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மெல்லுங்கள். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். நீங்கள் சொன்ன தொல்லைக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

காபி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அண்ணம் மூடியிருப்பதால் சூடு தெரியாது. தொண்டையில் இறங்கும்போதுதான் சுடும். டபராவில் நன்றாக ஆற்றிவிட்டுக் குடியுங்கள். அண்ணாந்து ஊற்றிக் குடிப்பவரானால் இப்போதைக்கு நிறுத்திவிட்டு, உதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

மார்கழியில் சபா கேன்டீனில் நாலு பேரோடு உட்கார்ந்து கீரை வடை சாப்பிடுகிறேன். அந்த இடத்துக்கு வர எனக்குப் பல மாதங்கள் ஆயின. நீங்களும் வருவீர்கள்.

ராயபுரம் வாசி

பாட்டியம்மா சைவம், அதனால் மீனைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மேல் செட் போட்டவர்களுக்கு அண்ணத்தில் முள் தட்டுவது தெரியாது. நாங்கள் பிறந்ததிலிருந்து மீன் தின்பவர்கள், நாக்காலேயே முள்ளைப் பிரித்துத் துப்பும் பழக்கம் உள்ளவர்கள். அந்த நம்பிக்கையில்தான் என் அப்பா சங்கரா சாப்பிட்டார், முள் தொண்டையில் சிக்கி நள்ளிரவில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. இப்போது வஞ்சிரத் துண்டு மட்டும்தான், அதையும் அம்மா தட்டிலேயே பிரித்து, விரலால் தடவிப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

அடையாறு 72

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஏன் இவ்வளவு பாடு? கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட் (திருகுபோலப் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து, அதன்மேல் செட்டைப் பொத்தான்போல மாட்டிவிட்டால் ஆடவே ஆடாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று அறிக்கை தந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் ஊரில் வெறும் செட்டைக் கொடுத்துப் பழகிக்கொள் என்கிறார்கள். அதுவரைக்கும் ஒட்டும் பசை போட்டுச் சமாளிக்கலாம்.

பெரம்பூர் ஓய்வூதியர்

அடையாறு ஐயா, நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஓய்வூதியத்தில் வாழும் எத்தனை பேருக்கு அந்தச் செலவு கட்டும்? கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். திருத்தணியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மின்சார ரயிலில் வந்திறங்கிய முதியவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். என் செட்டும் அங்கே செய்ததுதான். முதல் அச்சு, இரண்டாம் அச்சு, மெழுகு வைத்துத் தாடை உயரம் பார்ப்பது, மெழுகில் பல் வைத்துப் பார்ப்பது என்று பலமுறை வரச் சொன்னார்கள். பயிற்சி மருத்துவர் ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே அடுத்ததைத் தொட்டார். அந்தப் பொறுமைக்குப் பணத்தால் விலை வைக்க முடியாது.

பல் மருத்துவர் (ஓய்வு)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு இம்பிளான்ட் மேல் மாட்டும் கீழ் செட் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வசதி உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் வெறும் செட்டோடு நலமாக வாழ்பவர்கள் ஏராளம். ஆகவே இம்பிளான்ட் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்ற எண்ணத்தை ஆசிரியருக்கு ஏற்படுத்த வேண்டாம்.

பசையைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நன்றாகப் பொருந்திய செட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடிப்பு வேண்டுமானால், பயறு அளவில் சில இடங்களில் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. பொருந்தாத செட்டை நிறுத்துவதற்காகக் குழாயைப் பிதுக்கிக்கொண்டே இருப்பது தவறு. துத்தநாகம் கலந்த பசையை ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்பு குறைந்து, கைகால் மரத்துப்போய் நரம்பே பாதிக்கப்பட்டிருக்கிறது. துத்தநாகம் இல்லை என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள், தினமும் இரவில் முழுவதும் துடைத்தெடுங்கள்.

இன்னொன்று, ஆசிரியர் ஐயா. இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் செட்டின் பிடிப்பும் குறையும், உரசலும் கூடும். உங்கள் மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்பத்தூர் மகள்

என் அம்மாவுக்கும் சென்ற மாதம் முழு செட் வைத்தோம். எங்கள் மருத்துவர், முதல் நாள் இரவு கழற்றவே கூடாது என்றார். பக்கத்து வீட்டு அண்ணி, இரவில் கழற்றாமல் படுக்கவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கழுவுவது எப்படி என்பதிலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான், இப்போதே செட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

பல் மருத்துவர் (ஓய்வு)

இருவருமே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், அம்மா. பல்லைப் பிடுங்கிய அன்றே செட் மாட்டியிருந்தால் முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. கழற்றினால் வீக்கம் ஏறி மறுபடி மாட்ட முடியாமல் போகும். பிறகு மருத்துவர் சொன்னபடி இரவில் கழற்றலாம். அப்படிப்பட்ட செட், ஈறு சுருங்கச் சுருங்க சில மாதங்களில் தளர்ந்துவிடும். அடியில் புதுப் பூச்சு கொடுத்து இறுக்கித் தருவார்கள், பயப்பட வேண்டாம். புண் ஆறிய பிறகு மாட்டிய செட்டானால் முதல் இரவிலிருந்தே கழற்றுவதுதான் நல்லது.

இரவில் ஏன் கழற்ற வேண்டும் என்றால், நாள் முழுவதும் அழுத்தப்பட்ட ஈற்றுக்கு ஓய்வு வேண்டும். கழற்றாதவர்களுக்கு அண்ணம் செக்கச்செவேலென்று ஆகிப் பூஞ்சை படரும். வாயோரம் வெடிப்பும் வரும். ஜப்பானில் 85 வயது கடந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு உறங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

கழுவப் பற்பசை வேண்டாம், அது செட்டில் கீறல் போடும், கீறலில் கிருமி தங்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பிரஷ், அவ்வளவுதான். வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி, அல்லது மடித்த துண்டு விரித்து, அதற்கு மேலே பிடித்துக் கழுவுங்கள். சோப்பு வழுக்கிக் கைதவறினால் செட் இரண்டாகப் பிளந்துவிடும். கொதிநீர் படக் கூடாது, வளைந்துபோகும். இரவு முழுவதும் சாதாரணத் தண்ணீரில் மூழ்கியிருக்கட்டும். அந்த வெள்ளைப் படிவு தண்ணீரிலும் எச்சிலிலும் உள்ள சுண்ணாம்பு. வெள்ளை வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் இளகிவிடும். கத்தியால் சுரண்ட வேண்டாம். ஊறவைப்பதற்குக் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். பல் இல்லாவிட்டாலும் அம்மா ஈற்றையும் நாக்கையும் ஈரத்துணியால் காலையும் மாலையும் துடைக்க வேண்டும்.

நங்கநல்லூர் ஆசிரியர்

நண்பர்களே, மருத்துவரிடம் போய் வந்தேன். டாக்டர் ஐயா சொன்னபடி செட்டை மாட்டிக்கொண்டே போனதால், செட்டின் உட்புறத்தில் வெள்ளைப் பசை ஒன்றைத் தடவி வாயில் அழுத்தி எடுத்தார். ஓர் இடத்தில் மட்டும் பசை விலகி, அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தது. என் ஈற்றில் சிவந்திருந்ததும் அதே இடம். சிறிய சக்கரத்தால் அங்கே சிறிது ராவி, மெருகேற்றிக் கொடுத்தார். வீடு வந்து சேர்வதற்குள் பாதி எரிச்சல் போய்விட்டது. புது செட் வேண்டாம் என்று மகனிடமும் சொல்லிவிட்டேன்.

நாக்கைப் பின்னே இழுக்கும் பழக்கம் எனக்கு இருப்பது கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது. காலையில் மொட்டைமாடியில் செய்தித்தாளின் தலையங்கத்தை உரக்கப் படிக்கிறேன். "ச" இன்னும் சில இடங்களில் சீறுகிறது, "த"வும் "ந"வும் தெளிந்துவிட்டன. பாட்டியம்மா, நீங்கள் சொன்ன கடுகில்லா ரசம் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் மெல்லுவதுதான் கடினமாக இருக்கிறது, மறந்து மறந்து இடப்பக்கமே போகிறேன்.

மயிலைப் பாட்டி

மகிழ்ச்சி ஐயா. பசிக்கு முன்பே சாப்பிட உட்காருங்கள். பசி முற்றினால் அவசரம் வரும், அவசரம் வந்தால் ஒரே பக்கம் மெல்லத் தோன்றும். வீட்டார் உங்களுக்காகக் காத்திருக்கட்டும், தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த பெரியவர்கள் சிலர் அப்படித் தனியாகப் போய் உட்கார்ந்தவர்கள்தான், பிறகு பந்திக்கே வரவில்லை.

அம்பத்தூர் மகள்

பயனுள்ள பதில்களுக்கு நன்றி. ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். போன வாரம் அம்மாவை வேறு உபாதைக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேனுக்கு முன் செட்டைக் கழற்றச் சொல்லி, காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டார்கள். தட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. தேடியும் கிடைக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பழகியது. அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூடியுள்ள டப்பா ஒன்றைப் பெயரெழுதி ஒட்டி, பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றச் சொன்னால் நீங்களே வாங்கி வையுங்கள்.

பல் மருத்துவர் (ஓய்வு)

வருத்தமாக இருக்கிறது அம்மா. பழைய அச்சை மருத்துவர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், வேலை கொஞ்சம் குறையலாம். மறுபடி செய்யும்போது செட்டின் உட்புறத்தில் பெயரைப் பதித்துத் தரச் சொல்லுங்கள். சிறிய காகிதத்தில் எழுதி, மேலே தெளிந்த பிளாஸ்டிக் ஊற்றி மூடிவிடுவார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கும் அடிக்கடி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கும் இது அவசியம்.

பெரம்பூர் ஓய்வூதியர்

டாக்டர் ஐயா, கடைசியாக ஒரு சந்தேகம். என் அண்ணனுக்கு முழு செட் இல்லை, கம்பி போட்டு மாட்டும் இரண்டு பல் மட்டும். சின்னதுதானே என்று அதோடே உறங்குகிறார். கம்பி கொஞ்சம் தளர்ந்தும் இருக்கிறது. பரவாயில்லையா?

பல் மருத்துவர் (ஓய்வு)

கூடவே கூடாது. முழு செட்டைவிட அந்தச் சிறிய பல்தான் உறக்கத்தில் தொண்டைக்குள் போகும். கம்பி உணவுக்குழாயில் குத்தி நிற்கும். அப்படி விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்துத் தள்ளப் பார்க்கக் கூடாது, உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் பகுதி எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. ஆகவே விழுங்கியது பல் செட் என்று அங்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அண்ணனிடம் இன்றிரவே சொல்லுங்கள். தளர்ந்த கம்பியை அவரே இடுக்கியால் முறுக்க வேண்டாம், ஒடிந்துவிடும். மருத்துவரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் உட்கார வைத்தே இறுக்கிக் கொடுத்துவிடுவார்.